ஏழு சீட் வண்டியில் பத்து நாள் பயணம்: முதலில் ஏற்காடு ஏறிப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2021 மாடல் டீசல் எஸ்யூவி, ஏழு சீட், மேனுவல் கியர். வாங்கியதிலிருந்து பெரும்பாலும் சேலத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம், கடைவீதி என்று ஓடியது. கோடை விடுமுறையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு ஆறு பேராகக் கிளம்பி மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, கொடைக்கானல் என்று பத்து நாள் சுற்ற வேண்டும். மேலே கேரியர் போடலாமா, டயருக்கு நைட்ரஜன் அடிக்கலாமா, என்ன சர்வீஸ் பார்க்க வேண்டும், பேசாமல் வேனை வாடகைக்கு எடுத்துவிடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், சின்னவன் ஏற்காடு போனாலே வாந்தி எடுப்பான், அப்பாவுக்கு முழங்கால் வலி என்று ஒரு வரியும் இருக்கிறது. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. வண்டி தாங்குமா என்பதோடு, உள்ளே உட்காருகிறவர்கள் தாங்குவார்களா என்றும் சேர்த்தே கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சேலம் குரங்குச்சாவடி பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். ஏற்காடு இறங்கி நேராக எங்களிடம் வரும் வண்டிகளைப் பார்த்தே பாதி தொழில் கற்றுக்கொண்டேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் "இந்த பாகத்தை மாற்று" என்று இங்கிருந்தே சொல்வது முறையில்லை. எல்லா ஏழு சீட் வண்டிக்கும் பொதுவான சிலவற்றை உறுதியாகச் சொல்லலாம். மீதியைக் கண்டுபிடிக்க உங்களுக்கு முப்பது கிலோமீட்டர் தூரத்திலேயே ஒரு மலை இருக்கிறது.

முதலில் எடை. எல்லாரும் சீட்டை எண்ணுகிறார்கள், எடையை எண்ணுவதில்லை. ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். வெறும் வண்டியின் எடை, சுமையோடு அனுமதித்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய மொத்தம், ஆட்களையும் சேர்த்து. இந்த ரக வண்டிகளில் அது பெரும்பாலும் ஐந்நூறு, அறுநூறு கிலோ அளவில்தான் இருக்கும். நான்கு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்றால் 340 கிலோ சுலபமாக வந்துவிடும். நான்கு பெட்டி, 20 லிட்டர் தண்ணீர் கேன், முறுக்கு டின், அம்மாவின் ஃபிளாஸ்க், பாய், தலையணை, இரும்புக் கேரியர் என்று சேர்த்தால் இன்னொரு 130 கிலோ. ஆக 470. ஏழு சீட்டில் ஒன்று காலியாக இருக்கும்போதே கணக்கு விளிம்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இதை ஊகிக்க வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டை பக்கமோ பைபாஸிலோ லாரிகளுக்கான எடை மேடை இருக்கும். சாமானை எல்லாம் ஏற்றி, ஆறு பேரும் உட்கார்ந்தபடியே ஒரு முறை எடை போடுங்கள். அப்புறம் வண்டியை முன்னால் நகர்த்தி, பின் சக்கரங்கள் மட்டும் மேடைமேல் இருக்கும்படி இன்னொரு எடைச் சீட்டு வாங்குங்கள். மேடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. இரண்டு எடைச் சீட்டையும் வைத்துப் பார்த்தால் பின்பக்கம் எவ்வளவு சுமை உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஏழு சீட் வண்டியின் வம்பே அதுதான். கடைசி வரிசையும் டிக்கியும் பின் அச்சுக்கு மேலேயோ அதற்கும் பின்னாலேயோ இருக்கின்றன. கடைசியாக ஏற்றுவது எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

கேரியர் பற்றி: போடலாம், ஆனால் பாரம் ஏற்றுவதற்கு இல்லை. கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டியோடு வந்த கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள். நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. மேலே தலையணை, போர்வை, துணி மூட்டை மாதிரி இலேசானவை போகட்டும். பெட்டிகள் கீழே, இரண்டாம் வரிசை முதுகை ஒட்டித் தரையில் இருக்க வேண்டும். உயரமான வண்டியின் தலையில் இன்னும் எடை ஏற்றினால் வளைவில் சாய்வது கூடும். அதோடு திருநெல்வேலி தாண்டி நாகர்கோவில் போகும் வழியில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி வரும். அங்கே அத்தனை காற்றாலைகளை சும்மா நட்டு வைக்கவில்லை. கணவாய் வழியாக வரும் பக்கக்காற்று தென்மேற்குப் பருவம் நெருங்கினால் பலமாக இருக்கும். லாரியை ஓவர்டேக் செய்துவிட்டு அதன் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் ஸ்டீயரிங்கை ஒரு தள்ளு தள்ளும். தார்ப்பாய் போட்டுக் கட்டிய கேரியர் அந்தத் தள்ளை இரண்டு மடங்காகக் காட்டும். இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டால் பயப்பட ஒன்றுமில்லை.

உட்காரும் வரிசைக்கு வருவோம். நடுவில் தனித்தனி சீட் இல்லாமல் ஒரே நீள சீட் என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. முன்னால் இருவர், நடுவில் மூவர், கடைசியில் ஒருவர் என்று பிரித்தால் கடைசி வரிசையின் ஒரு பாதியை மடித்து அங்கே சாமான் வைக்கலாம். தனி சீட்டாக இருந்தால் கடைசி வரிசையில் இருவர் உட்கார வேண்டியிருக்கும், அப்போது டிக்கி என்று சொல்லிக்கொள்ள ஒரு கோட்டளவு இடம்தான் மிஞ்சும். அப்பாவைக் கடைசி வரிசைக்கு அனுப்பாதீர்கள். ஏறுவதற்கே உடம்பை மடக்க வேண்டும், உட்கார்ந்தபின் முழங்கால் நெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கும். அவர் முன் சீட்டில். சின்னவன் நடு சீட்டின் நடுவில், இரண்டு சீட்டுக்கு இடையே ரோடு தெரிகிற இடத்தில். பெரியவளுக்குக் குமட்டல் இல்லை என்றால் கடைசி வரிசை அவளுக்கு. பக்கத்தில் மடித்த சீட்டில் வைக்கும் பெட்டிகள் சீட் முதுகு உயரத்தைத் தாண்டக்கூடாது. கயிறோ வலையோ போட்டுக் கட்டியே ஆக வேண்டும். அவசர பிரேக்கில் 15 கிலோ பெட்டி முன்னால் பாய்ந்தால் அதைக் கையால் தடுக்க முடியாது. பெல்ட் ஆறு பேருக்கும், கடைசி வரிசை உட்பட. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்திலேயே வந்துவிட்டது.

இப்போது சோதனை. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு சாதாரண வேலை நாளில், சனி ஞாயிறு வேண்டாம், இதே ஆறு பேர், இதே சாமான், இதே இருக்கை வரிசையோடு காலை ஆறு மணிக்கு அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய் மலை ஏறுங்கள். "ஏற்காடு போகப் பெட்டி எதற்கு" என்று வீட்டில் சிரிப்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, உச்சியில் சுமார் 1,500 மீட்டர் உயரம். வெறும் வண்டியில் நீங்கள் பல முறை ஏறியிருப்பீர்கள், அது கணக்கில் வராது. நெடுஞ்சாலையில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினாலும் வெளியே தெரியாத குறையை இந்த மலை ஒரு காலையிலேயே காட்டிவிடும்.

ஏறும்போது கவனிக்க வேண்டியவை சில. வெப்பநிலை முள் எப்போதும் நிற்கும் இடத்தைவிட்டு மேலே நகர்கிறதா. வளைவில் செகண்ட் கியரில் இழுக்கிறதா, இல்லை கிளட்ச்சைப் பாதி மிதித்து உறுமினால்தான் ஏறுகிறதா. டாப் கியரில் மெதுவாகப் போகும்போது திடீரென்று அழுத்தினால் என்ஜின் சுற்று மட்டும் ஏறி வண்டி வேகமெடுக்கவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இதை அடிவாரத்துக்கு முன்னாலேயே சமதரையில் பார்த்துவிடுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது பின்பக்கம் "டக்" என்று முட்டுகிறதா. எதிரே வரும் வண்டிக்காரர்கள் உங்களுக்கு லைட் அடித்துக் காட்டுகிறார்களா. அது வணக்கம் இல்லை, உங்கள் ஹெட்லைட் அவர்கள் கண்ணில் அடிக்கிறது. பின்பக்கம் பாரம் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சிறு உருளை பல வண்டிகளில் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பாரத்துக்கு ஏற்ப அதைத் திருப்பினால் லைட் கீழே இறங்கும்.

சின்னவன் எந்த வளைவில் சோர்கிறான் என்றும் பாருங்கள். காது சொல்லும் அசைவும் கண் சொல்லும் அசைவும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல் வருகிறது. கையில் போன் இருந்தால் அது நிச்சயம் கூடும். போனை வாங்கி வைத்துவிட்டு ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் வயிறு முட்ட ஊட்ட வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். எலுமிச்சை, புளிப்பு மிட்டாய் எல்லாம் சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, நான் உறுதி சொல்ல மாட்டேன். மாத்திரை வேண்டுமென்றால் பிள்ளையின் எடைக்கு டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், அது பட்டறைக்காரன் சொல்லும் விஷயம் இல்லை. நிதானமாக ஓட்டுகிறவர் வண்டியில் வாந்தி குறைவு என்பது மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. வளைவுக்குள் போய் பிரேக் போடாமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஒரே சீராகத் திருப்பினால் பின்னால் இருப்பவர்களுக்குப் பாதி தொல்லை போய்விடும்.

மேலே ஏரிக்கரையில் டீ குடித்து, ஒரு மணி நேரம் கழித்து இறங்குங்கள். உண்மையான பரீட்சை இறக்கம்தான். முழு சுமையோடு 2,300 கிலோ இருக்கும் வண்டி ஆயிரத்து நூறு மீட்டர் இறங்கும்போது, அந்த ஆற்றல் முழுக்க பிரேக்கில் வெப்பமாக மாறினால், 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வரும். அத்தனையையும் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் பேடும் லைனிங்கும் வாங்கிக்கொள்ளச் சொல்வது நியாயமா? ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர். செகண்ட் கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், சத்தம் கொஞ்சம் கூடும், அதனால் என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது சுத்தப் பொய்க் கணக்கு. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் இக்காலத்து என்ஜின் டீசலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஓடிக்கொண்டிருக்கக் குடிக்கும். நியூட்ரலில் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துத் தொப்பூர் கணவாயைவிட வேறு சாட்சி வேண்டாம், தர்மபுரி பக்கமிருந்து இறங்கும் லாரிகளைக் கேட்டால் தெரியும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பதும் மலைச்சாலைச் சட்டம்தான், மரியாதை மட்டும் இல்லை.

இறங்கும்போது பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே போகிறதா, பஞ்சு மாதிரி இருக்கிறதா என்று காலால் கவனியுங்கள். "ஏனுங்கண்ணா, மேல போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, பத்தாவது வளைவுக்கு அப்புறம் மிதி உள்ள போகுதுங்க" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு பேட் நன்றாகவே இருக்கும். பழைய பிரேக் ஆயில்தான் காரணம். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்று போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் மிதி அந்தக் குமிழியைத்தான் நசுக்கும், பேடை அழுத்தாது. 2021 மாடலில் இதுவரை மாற்றவில்லை என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்ல வழக்கம்.

அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் சக்கரம் இரண்டும் பின் சக்கரத்தைவிடச் சூடாக இருப்பது இயல்பு. இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே மாதிரி அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பக்க பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கருகிய வாடை வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். தானாக ஆறட்டும்.

அடுத்து ஸ்டெப்னி. இந்த வண்டிகள் பலவற்றில் அது பின்பக்கம் அடியில் சங்கிலியில் தொங்கும். பின் பம்பர் பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதில் நீளக் கம்பியை விட்டுத் திருகினால் கீழே இறங்கும். கம்பியும் ஜாக்கியும் கடைசி வரிசைப் பக்கவாட்டு மூடிக்குள்ளேயோ அடியிலேயோ இருக்கும், அதற்கு மேல் உங்கள் பெட்டிகள் இருக்கும். பரமக்குடி தாண்டி மத்தியான வெயிலில் பஞ்சரானால் முதலில் மொத்த சாமானையும் ரோட்டோரம் இறக்க வேண்டும். ஐந்து வருடச் சேறு ஏறிய அந்தச் சங்கிலி திருகும்போது அசையாமல் மக்கர் செய்வதும் சகஜம். வீட்டு வாசலிலேயே ஒரு முறை இறக்கி, சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, காற்றடித்து, திரும்ப ஏற்றிப் பழகுங்கள். ஸ்டெப்னியில் காற்று இல்லாமல் வருகிற வண்டிகள்தான் அதிகம். கம்பி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றையும் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நைட்ரஜன் விஷயம் சின்னது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள், வழியில் அது கிடைக்காவிட்டால் சாதாரணக் காற்றைக் கலக்கத் தயங்க வேண்டாம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு சுமைக்கான அழுத்தம் தனியாக இருக்கும். அதை அடிக்கிறீர்களா என்பதுதான் முக்கியம். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் எண் கூடிக் காட்டினால் காற்றை இறக்கிவிடாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டை) நிறைய இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டிய டயரை யாரிடமாவது காட்டி, பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள்.

உங்கள் வண்டி பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அதில் இருக்கிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம் மட்டுமே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். இந்தப் பயணம் அதற்கு மருந்து மாதிரி. நாமக்கல், கரூர் வழி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது அது தானாகவே கரியை எரித்துக்கொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தால் வண்டியை அணைக்காமல் கையேட்டில் சொன்ன வேகத்தில் தொடர்ந்து ஓட்டுங்கள். ஆட்ப்ளூ (புகையைச் சுத்தப்படுத்தத் தனித் தொட்டியில் ஊற்றும் திரவம்) ஊற்றும் வகை வண்டி என்றால் கிளம்பும் முன் நிரப்பிவிடுங்கள்.

கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது, கிளம்பும் முன் இணையத்தில் எடுத்துவிடுங்கள். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை தார் ரோடு உண்டு, அதைவிட்டு மணலில் இறக்காதீர்கள். ராமேஸ்வரம், கன்னியாகுமரி முடிந்ததும் அடிப்பக்கம் உப்புப் போக நல்ல தண்ணீரில் ஒரு கழுவு. நீங்கள் ஒருவரே ஓட்டுவதாக இருந்தால் ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரையும், சாப்பிட்டபின் இரண்டு மணி வாக்கிலும் தூக்கம் தள்ளும். அந்த நேரம் ஓட்டக்கூடாது. இரவில் கிளம்பினால் வெயில் இல்லை, பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்பதெல்லாம் சரிதான், ஆனால் டிரைவரும் மனிதர்.

வேன் எடுக்கலாமா என்பதற்குப் பதில் ஏற்காடு போய்வந்த அன்று மாலை உங்கள் அப்பாவிடம் இருக்கிறது. முழங்கால் வீங்காமல் இருந்தால் உங்கள் வண்டியே போதும். வீங்கினால் வேனிலும் அதே வலிதான், அதனால் அப்பா, அம்மா இருவரையும் மதுரை வரை ரயிலில் அனுப்பிவிட்டு நீங்கள் நால்வரும் சாமானோடு வண்டியில் போவது எனக்குச் சரியாகப் படுகிறது. எடை மேடைச் சீட்டில் என்ன வந்தது, இறங்கியபின் நான்கு சக்கரமும் எப்படி இருந்தன என்று இங்கேயே எழுதுங்கள். பேட் மாற்ற வேண்டுமா, பின் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.